நிமிடம் நிமிடமாக விட்டுக்கொடுத்த தடுப்பாளர்: 24 சீசன், 1,680 ஆட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

தொடங்கும் முன்

இந்த ஆய்வில் வரும் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நிர்வாகிகள் யாருக்கும் நான் பெயர் போடவில்லை. அணி, ஊர், வருடம், எண்ணிக்கை எல்லாம் நடந்தது நடந்தபடிதான். ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு அடுத்த பத்தியைத் தாண்டுவதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்கும் குறை ஒன்றுமில்லை, ஏனென்றால் இது அவருடைய புகழைப் பாடுவதற்காக எழுதியதல்ல. உடம்பை இடித்து இடித்துப் பிழைக்கும் ஒரு தொழிலில் ஒருவர் 45 வயது வரை எப்படி நின்றார், வழியில் யார் யார் என்னென்ன முடிவு எடுத்தார்கள், எது சரியாக வந்தது, எது சறுக்கியது என்று வரிசையாகப் பார்க்கத்தான்.

பின்னணி: 1977 முதல் 1997 வரை

அவர் 1977-இல், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில், இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் டிரென்சின் ஊரில் பிறந்தவர். அப்பா மல்யுத்த வீரர். கிரேக்க-ரோமன் முறையில் 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் நாட்டுக்காக இறங்கியவர். வீட்டிலேயே ஒரு கறாரான பயிற்சியாளர் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு அங்கேதான் உடற்பயிற்சி பழக்கமானது.

ஆனால் பையன் வளர்ந்துகொண்டே போனான். முடிவில் 206 செ.மீ., அதாவது 6 அடி 9 அங்குலம். ஸ்கேட் மாட்டினால் ஏழு அடியைத் தொடுவார். இவ்வளவு உயரம் ஐஸ் ஹாக்கிக்கு அப்போது வரமாகத் தெரியவில்லை. உயரமானவன் திரும்புவதற்குள் குள்ளமானவன் பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை) தட்டிக்கொண்டு போய்விடுவான் என்பதுதான் பொதுவான எண்ணம். கூடைப்பந்துக்குப் போய்விடு என்று சொன்னவர்கள் உண்டு. சொந்த ஊர் கிளப்பில் இடம் உறுதியாக இல்லாததால் பிராக் போய் அங்கே ஸ்பார்ட்டா கிளப்பின் ஜூனியர் அணியில் ஆடினார்.

1996 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) நியூயார்க் ஐலேண்டர்ஸ் அவரை மூன்றாம் சுற்றில், 56-ஆவது ஆளாக எடுத்தது. உடனே என்.எச்.எல்.லுக்கு, அதாவது வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகுக்குப் போகவில்லை. ஒரு வருடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜார்ஜ் ஊரின் ஜூனியர் அணியில் ஆடினார். வட அமெரிக்க ரிங்க், அதாவது ஆடும் பனித்தளம், அன்றைய ஐரோப்பிய ரிங்கைவிடக் குறுகலானது. 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம்தான். அந்த நெருக்கத்தில் இடிபடாமல் ஆட முடியாது. அந்த ஊரில் கழிந்த ஒரு வருடம் அதற்கு உடம்பைப் பழக்கிக்கொள்ள உதவியது. 1997 நவம்பரில் என்.எச்.எல்.லில் முதல் ஆட்டம்.

இந்த நவம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தடுப்பாளர் வேலை என்ன என்பது பற்றிக் கொஞ்சம்

ஆட்டம் 60 நிமிடம், மூன்று பகுதியாக. ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஐந்து பேர், அப்புறம் கோல்கீப்பர். ஐந்தில் இரண்டு பேர் தடுப்பாளர்கள். ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு தடுப்பாளர்கள் உடுப்பு மாட்டுவார்கள், மூன்று ஜோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 20 நிமிடம் வரும். ஒரு தடவை உள்ளே இறங்கினால் முக்கால் நிமிடம் வேகமாக ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்க வேண்டும், திரும்ப இறங்க வேண்டும்.

தடுப்பாளர் பாதி நேரம் பின்பக்கமாக ஸ்கேட் செய்கிறவர். எதிரே ஒருவன் முழு வேகத்தில் வருவான், இவர் பின்னாலேயே போய்க்கொண்டு அவனுக்கும் தனக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்துகொண்டே இருக்க வேண்டும். மூலையில், தளத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து ஒருவனை நசுக்க வேண்டும், அடுத்த நொடி தானும் நசுங்க வேண்டும். கோலுக்கு முன்னால் நின்று பக்கை உடம்பால் வாங்க வேண்டும். முழங்கால், தோள், விரல், பல் எல்லாம் இதில்தான் போகும்.

இவருக்கு ஒரு வசதி இருந்தது. ஸ்டிக்கின் நீளம் 63 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. 6 அடி 6 அங்குலமோ அதற்கு மேலோ உயரமானவர்கள் அனுமதி கேட்டால் 65 அங்குலம் வரை போகலாம். இவர் அந்த 65 அங்குல ஸ்டிக்கைத்தான் வைத்திருந்தார். கையை நீட்டி அந்த ஸ்டிக்கைப் பனியில் கிடத்தினால் முன்னே ஓடி வருகிறவனுக்குப் பக்கம் போகவும் வழியில்லை, நடுவே போகவும் வழியில்லை. அவன் கடைசியில் பக்கைப் பின்னால் தட்டிவிடுவான், இல்லையென்றால் பலகையில் அடிப்பான். கோல் விழாது, கைதட்டலும் விழாது. அன்றைய ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலில் எதுவும் ஏறாது. தடுப்பாளரின் நல்ல வேலை பெரும்பாலும் இப்படித்தான், நடக்காமல் போன ஒன்றாக இருக்கும்.

கவனித்தது, முதல் கட்டம்: நான்கு வருடத்தில் ஆறு கோல்

ஐலேண்டர்ஸ் அணியில் நான்கு சீசன், 231 ஆட்டம், 6 கோல். அணியும் அப்போது தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. இளம் தடுப்பாளர் தப்புச் செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அவரைச் சுற்றி நிலையாக ஆடும் நாலு பேர் இருக்க வேண்டும், அது அங்கே இல்லை.

2001 ஜூனில் அணி நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது. ஒட்டாவா செனட்டர்ஸிடம் இருந்த ஒரு நட்சத்திர முன்னணி ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இந்தத் தடுப்பாளரையும், இன்னொரு ஆட்டக்காரரையும், அந்த வருட டிராஃப்டில் இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுத்தது. வந்த நட்சத்திரத்துக்கு 10 வருடம், 87.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம்.

அன்றைக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு வருடமாகப் பிளே-ஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பக்கமே போகாமல் இருந்த அணி அடுத்த வசந்தத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் 2007-இல் அந்த ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று, அந்தத் தவணை 2015 வரை அணியின் கணக்கில் ஓடியது. கொடுத்த டிராஃப்ட் உரிமையில் ஒட்டாவா எடுத்த பையன் அங்கேயே பத்து வருடத்துக்கு மேல் முதல் வரிசை ஆட்டக்காரராக நின்றான். தடுப்பாளரின் கதையைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் கணிப்பு இது: அவர்கள் பார்த்தது 24 வயது தடுப்பாளரின் கோல் கணக்கை. பார்த்திருக்க வேண்டியது, ஒவ்வொரு வருடமும் எவ்வளவு கடினமான எதிராளிக்கு எதிரே அவரை இறக்க முடிகிறது என்பதை. முன்னணி ஆட்டக்காரன் 20 வயதில் பூத்துவிடுவான். தடுப்பாளர், அதுவும் இந்த உயரத்துக்காரர், தன் காலும் கையும் எங்கே முடிகிறது என்று கற்றுக்கொள்ளவே ஐந்தாறு வருடம் ஆகும்.

ஒட்டாவா: கொடுத்த வேலை மாறியது

ஒட்டாவாவில் அவருக்கு இரண்டு விஷயம் கிடைத்தன. நல்ல அணி, அப்புறம் பவர் பிளேயில் இடம். எதிரணியில் ஒருவன் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில், எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் நின்று அடிக்கும் வேலை. முதல் வருடமே 10 கோல், மூன்றாம் வருடம் 16. ஒட்டாவாவில் மொத்தம் 299 ஆட்டம், 51 கோல். இடையில் 2004-05 சீசன் முழுக்க ஊதியத் தகராறில் கதவடைப்பு ஆனபோது ஸ்வீடனில் ஆடிக்கொண்டிருந்தார், சும்மா உட்காரவில்லை.

கதவடைப்புக்குப் பிறகு, ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. 2006 கோடையில் ஒட்டாவாவுக்கு இரண்டு பெரிய தடுப்பாளர்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை. நிர்வாகம் மற்றவரை வைத்துக்கொண்டது. 29 வயதில் இவர் ஜூலை 1 அன்று போஸ்டன் புரூயின்ஸோடு 5 வருடம், 37.5 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டார். வந்த உடனே கேப்டன்.

ஒட்டாவா அடுத்த வருடமே இறுதிச்சுற்றுக்குப் போனது, அதனால் அந்த முடிவு உடனே தப்பாகத் தெரியவில்லை. நாலு வருடம் கழித்து, ஒட்டாவா வைத்துக்கொண்ட அந்தத் தடுப்பாளர் வேறொரு அணியின் துணை லீகில் ஆடிக்கொண்டிருந்தார். இவர் ஸ்டான்லி கோப்பைக்கு, அதாவது லீகின் சாம்பியன் கோப்பைக்கு, ஒரு வருடத் தூரத்தில் இருந்தார்.

போஸ்டன், முதல் வருடம்: 28 நிமிடம் என்ற தப்பு

2006-07 மோசமான வருடம். புரூயின்ஸ் தன் பிரிவில் கடைசி. புதிய கேப்டனின் பிளஸ்-மைனஸ் கணக்கு மைனஸ் 21. அதாவது அவர் பனியில் இருந்தபோது, பவர் பிளே கோல்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அணி அடித்ததைவிட 21 கோல் அதிகமாக வாங்கியிருந்தது.

ஆட்டத்துக்குச் சராசரியாக 28 நிமிடம் அவரை ஓட விட்டிருந்தார்கள். மேலே போட்ட கணக்கை இங்கே வையுங்கள், சமப் பங்கு 20. பணம் கொடுத்து வாங்கிய ஆள், பக்கத்தில் வேறு ஆள் இல்லை, எல்லாச் சுமையையும் இவர் தலையில் ஏற்று என்பதுதான் நடந்தது. இதை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம், வேலை செய்கிறவனிடமே மேலும் மேலும் வேலை போகும்.

2007-இல் பயிற்சியாளர் மாறினார். புதியவர் அணி முழுவதையும் தற்காப்பு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். முன்னணி ஆட்டக்காரர்களும் பின்னால் வந்து உதவ வேண்டும் என்று ஆனது. தடுப்பாளரின் நேரம் ஒரு நிமிடம்போலத்தான் குறைந்தது, ஆனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தெளிவானது. அந்த வருடம் 17 கோல், 51 புள்ளி (அடித்த கோலும், மற்றவர் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து), பிளஸ் 14. அடுத்த வருடம், 2009-இல், லீகின் சிறந்த தடுப்பாளருக்கான நோரிஸ் கோப்பை. 32 வயதில்.

கேப்டனாக அவர் எடுத்த ஒரு முடிவையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அணிக்குப் புதிதாக வரும் பையன்களை "ரூக்கி" என்று கூப்பிடுவதும், அவர்களைச் சீண்டி வேடிக்கை பார்க்கும் பழக்கமும் இந்த உடைமாற்று அறையில் வேண்டாம் என்று நிறுத்தினார். 19 வயதுப் பையனும் 35 வயது ஆளும் ஒரே மரியாதையில் நடத்தப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். பத்து வருடம் கழித்து அதன் பலன் அவருக்கே திரும்பி வந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

2011: ஒரு இடியும் ஒரு கோப்பையும்

2011 மார்ச் 8, மான்ட்ரியால். இரண்டாம் பகுதி முடியப்போகும் நேரம். மான்ட்ரியால் அணியின் 22 வயது முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் பலகையோரமாக வேகமாக ஓடினார். பக் அவரைவிட்டுப் போய்விட்டது. நம் தடுப்பாளர் அவரைப் பலகையோடு சேர்த்து இடித்தார். சரியாக அந்த இடத்தில்தான் இரண்டு அணி உட்காரும் பெஞ்சுகளுக்கு நடுவே, கண்ணாடி தொடங்கும் முனையில் ஒரு தூண். இளைஞரின் தலை அதில் போய் மோதியது. அசைவில்லாமல் கிடந்தார். கழுத்தில் நான்காவது எலும்பில் விரிசல், மூளையதிர்ச்சி.

தடுப்பாளருக்கு ஐந்து நிமிடப் பெனால்டியும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றமும். அதற்கு மேல் தடையோ அபராதமோ வேண்டாம் என்று லீக் முடிவெடுத்தது. மான்ட்ரியால் கொதித்துப்போனது. போலீஸ் விசாரணை நடந்தது, கடைசியில் வழக்கு எதுவும் போடவில்லை. இளைஞர் அடுத்த சீசன் திரும்பி வந்து 33 கோல் அடித்தார்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். தலையைத் தூணில் மோத வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் பக் போன பிறகு இடித்தார், 206 செ.மீ. உயரமும் அந்த எடையும் உள்ள ஆள் அந்த இடத்தில் இடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டியவர். நாலைந்து ஆட்டத் தடை கொடுத்திருந்தால் யாருக்கும் அநியாயம் ஆகியிருக்காது. லீக் செய்த நல்ல காரியம் வேறொன்று. அடுத்த சீசனுக்குள் அந்த முனைகளில் வளைந்த கண்ணாடி வைக்க உத்தரவிட்டது, இடிபட்டவன் அதில் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். தூண் அங்கே வருடக்கணக்காக எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. ஒருவன் கழுத்து உடையும் வரை காத்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே அதே மான்ட்ரியால். சொந்த ஊரில் முதல் இரண்டு ஆட்டத்திலும் புரூயின்ஸ் தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் கேப்டன் இல்லை, உடம்பில் நீர்ச்சத்து வற்றி மருத்துவமனை வரை போக வேண்டியிருந்தது. மூன்றாவது ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ஜோடியை மாற்றினார். ஜெர்மனியில் பிறந்த, ஷாட்டுக்குக் குறுக்கே விழுவதற்குத் தயங்காத ஒரு தடுப்பாளரை இவருக்குத் துணையாகப் போட்டார். கோப்பையின் கடைசி ஆட்டம் வரை அந்த ஜோடி பிரியவே இல்லை.

இறுதிச்சுற்றில் எதிரே வான்கூவர், அந்த வருடம் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்த அணி. ஏழு ஆட்டத்தில் போஸ்டன் வாங்கிய கோல் வெறும் 8. கோல்கீப்பருக்குத்தான் முதல் பெருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் வான்கூவரின் முதல் வரிசை பனியில் இறங்கும்போதெல்லாம் எதிரே இந்த ஜோடிதான் இறங்கியது. ஜூன் 15 அன்று ஏழாவது ஆட்டம், 4-0. போஸ்டனுக்கு 1972-க்குப் பிறகு முதல் ஸ்டான்லி கோப்பை.

குறைத்துக்கொள்ளும் காலம்: 2012 முதல் 2018 வரை

இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

2012-இல் ஆல்-ஸ்டார் (லீகின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் கூடும்) திறன் போட்டியில் அவர் அடித்த ஒரு ஷாட்டின் வேகம் மணிக்கு 108.8 மைல், கிலோமீட்டரில் 175. அந்த லீகின் சாதனை. இப்படி ஒரு ஷாட் கையில் இருக்கிறவர் பவர் பிளேயில் நீலக்கோட்டு இடத்தை ஆயுளுக்கும் விடமாட்டார் என்றுதான் தோன்றும். 2013-14 சீசனில் ஒரு சின்ன உருவ இளம் தடுப்பாளர் அணிக்கு வந்தார், பக்கைப் பங்கிட்டுக் கொடுப்பதில் கெட்டிக்காரர். நீலக்கோட்டு இடம் அவருக்குப் போனது. கேப்டனைக் கொண்டுபோய் எதிரணி கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள், கோல்கீப்பரின் கண்ணை மறைக்க. லீகிலேயே பலமான ஷாட் உள்ள ஆள், ஷாட் அடிக்கும் இடத்தைவிட்டு, மற்றவர் அடிக்கும் ஷாட்டுக்கு மறைப்பாகப் போய் நின்றார். அந்த வருடம் அவர் அடித்த 17 கோலில் 10 பவர் பிளேயில் வந்தது. 37 வயது.

அடுத்த சீசனில் முழங்கால் தசைநார் கிழிந்து 19 ஆட்டம் போனது. அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அணி பிளே-ஆஃபுக்குப் போகவில்லை. அவர் முடிந்துவிட்டார் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்போது லீகும் மாறிக்கொண்டிருந்தது. கனமான, இடிக்கிற தடுப்பாளருக்குப் பதில் வேகமாகப் பக்கை எடுத்து வெளியே கொண்டுபோகிற தடுப்பாளரைத் தேடினார்கள்.

அவர் செய்தது, திரும்பப் பள்ளிக்கூடம் போனதுபோல. நாற்பதை நெருங்கும் வயதில் கோடை விடுமுறையில் தனிப் பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு, பக்கை மூலையிலிருந்து எடுக்கும்போது பாதம் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அடிப்படையிலிருந்து பழகினார். கோடையில் சைக்கிளில் மலையேறுவது பழைய வழக்கம், அதையும் விடவில்லை. சாப்பாட்டைத் தாவர உணவாக மாற்றினார். சாப்பாடுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அதைப் பெரிதாக்கி எழுதுகிறவர்கள் அவர் மூலையில் பாதத்தை மாற்றிப் பழகியதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

2017-18-இல் அவருக்கு ஜோடியாக வந்தது 19 வயதுப் பையன். பிறந்தது 1997 டிசம்பர். மேலே நினைவில் வைக்கச் சொன்ன நவம்பர் இதற்குத்தான், கேப்டன் என்.எச்.எல்.லில் முதல் ஆட்டம் ஆடி ஒரு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளை. பையன் முன்னேறி ஓடுவான், இவர் பின்னால் நின்று காவல் காப்பார். பையனுக்குத் தப்புச் செய்யத் தைரியம் இருந்தது, பின்னால் 65 அங்குல ஸ்டிக் இருக்கிறதே. புதியவர்களைச் சீண்டாத உடைமாற்று அறை என்று மேலே சொன்னேனே, அப்படிப்பட்ட அறையில்தான் 19 வயதுப் பையன் 40 வயதுக் கேப்டனோடு கூச்சமில்லாமல் ஆட முடியும்.

2018-இலிருந்து ஒப்பந்தமும் ஒவ்வொரு வருடமாகத்தான். சம்பளம் இறங்கிக்கொண்டே வந்தது, நிமிடமும் இறங்கிக்கொண்டே வந்தது. 2019-20-இல் ஆட்டத்துக்குச் சராசரி 21 நிமிடம்.

2019: உடைந்த தாடை

2019 ஜூன் 3, செயின்ட் லூயிஸ், இறுதிச்சுற்றின் நான்காவது ஆட்டம். எதிராளி அடித்த ஷாட் இவருடைய ஸ்டிக்கிலேயே பட்டு மேலே எகிறி முகத்தில் அடித்தது. பனியில் ரத்தம். தாடை உடைந்திருந்தது. மூன்றாம் பகுதியில் முகத்தை முழுக்க மூடும் கவசத்தோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், ஆடவில்லை.

மூன்று நாள் கழித்து போஸ்டனில் ஐந்தாவது ஆட்டம். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பேச முடியாது, பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்கு எழுதித்தான் பதில் கொடுத்தார். 42 வயது. அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் அரங்கம் எழுந்து நின்று கத்தியது, வெகுநேரம் அடங்கவில்லை. அவர் நீலக்கோட்டில் நின்றுகொண்டு, கவசத்துக்குள் முகம் தெரியாமல், உடம்பை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் போஸ்டன் 2-1 என்று தோற்றது. மீதி ஆட்டங்களும் ஆடினார், ஏழாவது ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே 4-1 தோல்வி.

அந்தக் கைதட்டலைப் பார்க்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் இதை வீரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. மருத்துவர்கள் அனுமதித்தார்கள், அவரும் விரும்பினார், சரி. இதைப் பார்த்துவிட்டு பள்ளி அணியில் ஆடும் ஒரு பையன் வலியை மறைத்துக்கொண்டு இறங்கினால் அவனுக்கு அந்த மருத்துவர்கள் கிடையாது.

பிரிவும் கடைசி வருடங்களும்

2020 சீசன் முடிந்ததும் போஸ்டன் நிர்வாகம் இளம் தடுப்பாளர்களுக்கு வழிவிட முடிவெடுத்தது. கேப்டனுக்கு வழக்கமான இடம் உறுதியில்லை. 14 சீசன், 1,023 ஆட்டம் ஆடிய அணி. 2020 டிசம்பர் கடைசியில் வாஷிங்டன் கேபிடல்ஸோடு ஒரு வருடத்துக்கு 795,000 டாலருக்குச் சேர்ந்தார்.

ஒவ்வொரு நிமிடமாக விட்டுக்கொடுத்தவர் இங்கே மட்டும் ஏன் மறுத்தார் என்று கேட்கலாம். இதுவரை விட்டது வேலையின் பகுதிகளை. அந்த வருடம் விடச் சொன்னது வேலையையே. வாஷிங்டனில் 18 நிமிடம் ஆடினார், மூன்றாம் ஜோடியில், கேப்டன் பதவியும் இல்லாமல். குறைவாக ஆடுவதில் அவருக்கு வருத்தமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2021 பிளே-ஆஃபின் முதல் சுற்றில் போஸ்டனே வாஷிங்டனை ஐந்து ஆட்டத்தில் வெளியேற்றியது. ஆக, நிர்வாகம் செய்தது சரியா? அடுத்த சுற்று முடிவதற்குள் போஸ்டனின் தடுப்பாளர்கள் இருவர் காயத்தில் விழுந்தார்கள், அனுபவமுள்ள ஆள் இல்லாமல் ஐலேண்டர்ஸிடம் தோற்றது. இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

அதே ஐலேண்டர்ஸ்தான் 2021 செப்டம்பரில் அவரைச் சேர்த்துக்கொண்டது. 20 வருடத்துக்கு முன்னால் ஆறு கோல் கணக்கோடு அனுப்பிவிட்ட அணி. புதிய அரங்கம் கட்டி முடியாததால் சீசனின் முதல் 13 ஆட்டமும் வெளியூரில், அணி எழுந்திருக்கவே இல்லை. ஆனாலும் 2022 பிப்ரவரி 24 அன்று சான் ஹோசேயில் அவர் 1,652-ஆவது ஆட்டம் ஆடினார். தடுப்பாளர்களில் அதிக ஆட்டம் என்ற பழைய சாதனையான 1,651-ஐத் தாண்டியது அன்றுதான். சீசன் முடிவில் கணக்கு 1,680 ஆட்டம், 209 கோல், 680 புள்ளி.

2022 செப்டம்பர் 20 அன்று போஸ்டனோடு ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் போட்டு, அந்த அணியின் ஆளாக ஓய்வு பெற்றார்.

திரும்ப நடந்தால் எதை மாற்றலாம்

2001-இல் ஐலேண்டர்ஸ் இடத்தில் நான் இருந்திருந்தால் என்று யோசிப்பது சுலபம், முடிவு தெரிந்த பிறகு எல்லோரும் கெட்டிக்காரர்கள். அன்றைக்கே கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வி மட்டும் இருந்தது: இவருக்கு ஒரு முழு சீசன் பவர் பிளேயில் இடம் கொடுத்துப் பார்த்தோமா? ஒட்டாவா முதல் வருடத்திலேயே கொடுத்தது.

2006-07-இன் 28 நிமிடத்தைத் திரும்பச் செய்யக்கூடாது. நல்ல தடுப்பாளரை வாங்குவதற்கு முன்னாலேயே அவருக்கு ஜோடி யார் என்று முடிவு செய்திருக்க வேண்டும். 2011-இல் துணை மாறியதும் என்ன நடந்தது என்று பார்த்தோம்.

அரங்கத் தூண் விஷயத்தில் காயத்துக்கு முன்னாலேயே சுற்றிப் பார்க்கும் ஒரு ஆள் வேண்டும். இன்றைக்கும் சின்ன ஊர் ரிங்குகளில் கூரான முனைகள் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பெஞ்சு பக்கம் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, மெத்தை கட்டச் சொல்லலாம், அதற்குப் பெரிய செலவு கிடையாது.

2020 பேச்சை டிசம்பர் வரை இழுத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வருட ஒப்பந்தமும் கையெழுத்தாகும்போதே, அடுத்த வருடம் எத்தனை நிமிடம், எந்த ஜோடி, யாருக்குப் பதிலாக என்று பேசியிருந்தால் 14 வருடக் கேப்டன் போன விதம் வேறு மாதிரி இருந்திருக்கும். கேட்க வேண்டியதை இரண்டு தரப்பும் தள்ளிப்போட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் ஓய்வு பெற்ற மறு வருடம், 2023 ஏப்ரலில், போஸ்டன் மாரத்தான் ஓடினார். 46 வயது, 206 செ.மீ., 42 கிலோமீட்டர். நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்.